ஒரே கட்டத்துக்குள் மூன்று பேர்: இசை நாடக விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுத் தலைவர், செயலாளர், தேர்வுக் குழுவினர் அனைவருக்கும்,

இந்த ஆண்டு விழாவுக்கு நீங்கள் வெளியிட்டிருக்கும் விண்ணப்பப் படிவத்தை வரி விடாமல் படித்தோம். நடிகர் பட்டியலுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒளி, ஒலி, மேடை அமைப்பு, ஒப்பனை, வேன் வாடகை ஒவ்வொன்றுக்கும் தனி வரி, தனித் தொகை இருக்கிறது. 'ஆசிரியர்' என்பதற்கு ஒரே ஒரு கட்டம், அதில் ஒரு பெயர் எழுதத்தான் இடம். வசனம், பாட்டு, மெட்டு மூன்றுக்கும் ஆகும் செலவு 'இதர செலவுகள்' என்ற வரியில் தேநீரோடும் ஜெராக்ஸோடும் சேர்ந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்குச் சற்று மேலே, சிறிய எழுத்தில் இந்த வாசகம்: 'தேர்வாகும் நாடகத்தின் உரையாடல், பாடல், இசை ஆகியவற்றின் அனைத்து உரிமைகளும் இனி வரக்கூடிய அனைத்து ஊடகங்களிலும் நிரந்தரமாக விழாக் குழுவையே சேரும்.'

இந்தப் படிவத்தில் எங்களால் கையெழுத்துப் போட முடியாது.

அந்த ஒற்றைக் கட்டம் எங்கிருந்து வந்தது என்பது எங்களுக்குத் தெரியும். நூறாண்டுக்கு முன் இசை நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக வாத்தியார் கதையையும் அவரே கட்டினார், பாட்டையும் அவரே எழுதினார், மெட்டையும் அவரே பாடிக் காட்டினார், பையன்களை உட்கார வைத்துப் பாடமும் சொல்லிக்கொடுத்தார். அப்போது 'ஆசிரியர்' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அதற்கு முன்பும் எல்லாம் ஒருவர் கையிலேயே இருந்தது என்று சொல்லிவிட முடியாது. 18ஆம் நூற்றாண்டில் அருணாசலக் கவிராயர் இராம நாடகம் எழுதியபோது, அவருடைய மாணவர்கள் கோதண்டராமையரும் வெங்கடராமையரும் இசையமைப்பில் துணை நின்றார்கள். அந்தப் பாடல்களில் பல இன்று கச்சேரி மேடையில் பிற்கால வித்வான்கள் அமைத்த மெட்டில்தான் பாடப்படுகின்றன. கவிராயரின் பெயர் நிலைத்தது. அந்த இரண்டு மாணவர்களின் பெயர் ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும்தான் தெரியும். மெட்டுக்காரருக்குத் தனிக் கட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மொழியிலேயே கிடைக்கும் பழைய சான்று இது.

இன்னொரு பழக்கமும் சுவாமிகளிடமிருந்தே நம்மிடம் வந்து தங்கிவிட்டது. அவர் 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். பங்குனி, சித்திரை வந்தால் மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்தில் இன்றும் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய அவருடைய வள்ளி திருமணம்தான், பவளக்கொடிதான். அந்தப் பாட்டுக்கு யாரும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை, அது ஊர்ச் சொத்து. ராஜபார்ட்டுக்கும் (கதாநாயகன்) ஸ்திரீபார்ட்டுக்கும் (கதாநாயகி) பபூனுக்கும் (கோமாளி) ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் சம்பளம் பேசி அட்வான்ஸ் கொடுத்தால் நாடகம் நடந்துவிடும். நோட்டீஸில் அத்தனை பேரின் படமும் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்காது. மறைந்தவரின் பாட்டுக்கு அது சரி. நாடகப் பாட்டென்றாலே இனாம் என்ற அந்தக் கணக்கை இந்த வருடம் புதிதாக எழுதுகிறவர்மீதும் வைப்பதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

மூன்று வேலைகளும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன, ஆனாலும் ஏன் தனித்தனி வேலைகள் என்பதை ஒரு வரியை வைத்துக் காட்டுகிறோம். ஒரு பாட்டின் பல்லவி 'வாசலெல்லாம் பூட்டு' என்று முடிகிறது. மெட்டு அந்தக் கடைசி எழுத்தில் தார ஷட்ஜத்துக்கு, அதாவது மேல் ஸ்தாயி 'ஸ'வுக்கு, ஏறி நாலு அட்சரம் (தாள எண்ணிக்கை) நிற்கிறது. ஒத்திகையில் பாடகர் தவிக்கிறார். 'பூட்டு' என்பதன் ஈற்று உகரம் குற்றியலுகரம், இயல்பாகவே குறுகி ஒலிப்பது. அதை மேல் ஸ்தாயியில் நீட்டினால் தொண்டை அடைக்கும், கேட்பவர் காதிலும் சொல் விழாது. பாடலாசிரியர் 'வாசலெல்லாம் பூட்டோ' என்று மாற்றுகிறார். ஓகாரம் வாய் திறந்து ஒலிக்கும் நெடில், நாலு அட்சரம் என்ன, எட்டு அட்சரமும் நிற்கும். பாட்டுச் சிக்கல் தீர்ந்தது, நாடகச் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. முன்பு அது ஒரு செய்தி. அதைக் கேட்டு எதிரில் நிற்பவர் 'யார் பூட்டியது?' என்று வசனம் பேசினார். இப்போது வரியே கேள்வியாகிவிட்டது. கேள்விக்குக் கேள்வி ஒட்டாது, அவர் பதில் சொல்லியாக வேண்டும். வசனகர்த்தா 'நீ பூட்டியதுதான்' என்று எழுதுகிறார். ஒன்றும் தெரியாமல் விசாரித்தவர் இப்போது குற்றம் சாட்டுகிறவர் ஆகிவிட்டார். அடுத்த இரண்டு பக்கத்தையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

ஓர் எழுத்துக்கு இவ்வளவு. இரண்டு மணி நேர இசை நாடகத்தில் பன்னிரண்டிலிருந்து பதினாலு பாட்டு இருக்கும். ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று முறை உருமாறும். இரண்டு பாட்டாவது ஒத்திகை பாதி நடந்த பிறகு மொத்தமாகக் கழன்று விழும். பாட்டு நன்றாக இல்லாததால் அல்ல, அந்த இடத்தில் கதைக்குப் பாட்டு தேவைப்படாததால். கழன்ற பாட்டுக்கும் உழைப்பு ஒன்றுதான். முதல் கதைச் சுருக்கத்திலிருந்து அரங்கேற்றம் வரை எட்டு மாதம் ஆனால் அது வேகமான வேலை.

அரங்கேற்றத்தோடு வேலை முடிகிறது என்றுதான் உங்கள் படிவம் நினைக்கிறது. மறு காட்சிகளில் என்ன நடக்கிறது என்று சொல்கிறோம். இருவர் மாறி மாறி வாதாடும் தர்க்கப் பாட்டில் இருவருக்கும் ஒரே சுருதிதான் இருக்க முடியும். 5 கட்டை சுருதியில் (கட்டை குறைந்தால் சுருதி இறங்கும்) அமைத்த பாட்டுக்குப் புதிதாக ஸ்திரீபார்ட் வருகிறார், அவருக்கு வசதி 4 கட்டை. ஒலிப்பதிவுக்காரர் மடிக்கணினியில் டிராக்கை இறக்கித் தந்துவிடுவார், ஒரு நிமிட வேலை. ஆனால் ராஜபார்ட்டின் வரி ஏற்கெனவே மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி 'ப') வரை இறங்குகிறது. சுருதியும் இறங்கியதும் அவர் குரல் மூன்றாவது வரிசைக்குக்கூட எட்டாது. மைக்கைக் கூட்டினால் காற்றுச் சத்தம்தான் கூடும். அவருடைய வரிகளை மத்திம ஸ்தாயிக்கு மாற்றி அமைக்க வேண்டும். அது மெட்டுக்காரர் வேலை, ஒலிப்பதிவுக்காரர் வேலை அல்ல.

உடை மாற்றும் இசை இன்னொரு எடுத்துக்காட்டு. ராஜபார்ட்டுக்கு உடை மாற்ற 70 விநாடி வேண்டும் என்றால், நிமிடத்துக்கு 80 அட்சரம் என்ற நடையில் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் (8 அட்சரம் கொண்ட ஒரு முழுச் சுற்று) 6 விநாடி, பன்னிரண்டு ஆவர்த்தனம் வைத்தால் 72. அடுத்த ஊரில் ஒப்பனை அறை மேடைக்குப் பின்னால் தள்ளியிருக்கிறது, 95 விநாடி ஆகிறது. ஆர்மோனியக்காரர் நேரில் இருந்தால் பக்கத் திரையைப் பார்த்துக்கொண்டே இன்னும் நாலு ஆவர்த்தனம் வாசிப்பார், சபைக்குத் தெரியவே தெரியாது. பென் டிரைவில் ஏற்றிய டிராக் பன்னிரண்டோடு நின்றுவிடும். வெறும் மேடையில் இருபது விநாடிக்கு மேல் மௌனம். பத்து காட்சி போகும் நாடகத்தில் இப்படிப் பத்து இடம் வரும். மெட்டுக்காரரைக் கூப்பிட்டால் பேருந்துக் கட்டணமும் படியும் கொடுக்க வேண்டுமே என்று கூப்பிடாமலே விடுகிறார்கள். யாரோ ஒருவர் நடுவில் வெட்டி ஒட்டுகிறார். நோட்டீஸில் 'இசை' என்று போடும் பெயர் மட்டும் மாறுவதில்லை. பழி அவருக்கு, வேலை கொடுக்கப்படுவதில்லை.

வருமானக் கணக்கும் இங்கேதான் உடைகிறது. நடிகருக்கு ஒவ்வொரு காட்சிக்கும் சம்பளம், ஒளி ஒலிக்கு ஒவ்வொரு காட்சிக்கும் வாடகை, மண்டபத்துக்கும் அப்படியே. எட்டு மாதம் உழைத்த மூவருக்கு மட்டும் ஒரே தடவை, அதுவும் பெரும்பாலும் அரங்கேற்றம் முடிந்த பிறகு, மிச்சம் இருந்தால். நாடகம் நன்றாக ஓடினால் எல்லோருக்கும் வருமானம், எழுதியவர்களுக்கு மட்டும் வாழ்த்து. இரண்டு நாடகத்துக்கு மேல் ஒருவர் தாங்க மாட்டார். பாடலாசிரியர் சீரியல் தலைப்புப் பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் போவார், மெட்டுக்காரர் கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவுக்கு கீபோர்டு வாசிக்கப் போவார், வசனகர்த்தா பள்ளிக்கூடத்துக்குப் போவார். பிறகு 'தமிழில் புதிய இசை நாடகம் வருவதில்லை' என்று உங்கள் விழா மேடையிலேயே கருத்தரங்கம் நடக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் படிவம் எழுதியவர்கள் பார்த்திருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நாடகம் நாடகப் படைப்பு, பாட்டின் சொற்கள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு. இசைப் படைப்பு என்பதற்கான வரையறையே பாடப்படும் சொற்களை வெளியே வைத்துவிடுகிறது. ஆகவே சட்டத்தின் கண்ணிலும் கட்டம் மூன்று. ஸ்வரப்படுத்தி எழுதாவிட்டால் மெட்டுக்கு உரிமை இல்லை என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 1994 திருத்தத்தோடு அது முடிந்துபோன கதை. ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டியவரும், கைப்பேசியில் முணுமுணுத்து அனுப்பியவரும் இசையமைப்பாளர்தான்.

நாங்கள் உங்கள் ஊழியர்கள் அல்ல. சம்பள வேலையில் இல்லாதவர் எழுதிய நாடகத்துக்கு முதல் உரிமையாளர் எழுதியவரே. பணம் கொடுத்தோம் என்பதால் மட்டும் உரிமை கை மாறாது. மாற வேண்டுமானால் 19ஆம் பிரிவின்படி எழுத்தில், கையெழுத்தோடு, எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்று சொல்ல வேண்டும். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா. உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாதவரை, அது எழுதியவரிடமே திரும்பிவிடும். 'இனி வரக்கூடிய அனைத்து ஊடகங்களிலும்' என்று நீங்கள் போட்டிருக்கும் சொற்றொடரைப் பற்றி 2012 திருத்தம் தெளிவாக இருக்கிறது: ஒப்பந்தம் போடும்போது இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தால் ஒழிய, உரிமை மாற்றம் செல்லாது. நாடகத்தை நீங்கள் படம் பிடித்து இணையத்தில் ஏற்றினால் அந்தப் பதிவும் சட்டப்படி திரைப்படம்தான். அதில் வரும் பாட்டுக்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டியைச் சரிபாதியாகப் பெறும் உரிமையை, வாரிசுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர, எழுதியவரே விரும்பினாலும் விட்டுக்கொடுக்க முடியாது. எங்கள் கையெழுத்தே அந்த இடத்தில் பயன்படாது என்கிறபோது, எதற்காக அதைக் கேட்கிறீர்கள்?

'கோயில் திருவிழா நாடகத்துக்கும் ராயல்டி கேட்பீர்களா' என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க மாட்டோம். தொழில்முறை அல்லாத குழு கட்டணமில்லாத சபைக்கு நடத்தினாலோ, சமய நிறுவனத்தின் நலனுக்காக நடத்தினாலோ உரிமை மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் நடிப்பதற்கும் எங்களிடம் தடை இல்லை, எழுதியவர் பெயரைச் சொன்னால் போதும். ஆனால் அந்த விலக்கு உரிமையை யாருக்கும் எழுதித் தரவில்லை. டிக்கெட் விற்கிற உங்கள் விழாவுக்கும் அது பொருந்தாது.

வேறெங்கும் இப்படி நடக்கிறதா என்று கேட்டால், நியூயார்க்கைச் சொல்லலாம். அங்கே நாடக எழுத்தாளர்கள் சேர்ந்து நின்று 1926இல் தயாரிப்பாளர்களோடு ஒரு குறைந்தபட்ச ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அன்றிலிருந்து பிராட்வே நாடகத்தின் பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கிறது. தயாரிப்பாளர் பெறுவது மேடையேற்றும் அனுமதி மட்டும். எழுதியவர் சம்மதம் இல்லாமல் ஒரு வரியை மாற்ற முடியாது. கதை வசனம், பாட்டு, மெட்டு மூன்றுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது அங்கே நெடுங்கால வழக்கம். இதே காலத்தில் மதுரையில் மதுரகவி பாஸ்கரதாஸ் நாடக மேடைக்கும் இசைத்தட்டுக்கும் பாட்டு எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார், 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படத்துக்கும் அவர் பாட்டு போனது. திறமையில் நாம் பின்தங்கியிருக்கவில்லை. ஒப்பந்தத்தாளில்தான் பின்தங்கினோம்.

'எங்களிடம் அவ்வளவு பணம் இல்லை' என்பீர்கள். கணக்குப் போடுவோம். 300 இருக்கை, டிக்கெட் 200 ரூபாய், அரங்கம் நிறைந்தால் வசூல் 60,000. அதில் 6 சதவீதம் 3,600. மூவருக்கும் ஆளுக்கு 1,200. அரங்கம் பாதிதான் நிறைந்தால் ஆளுக்கு 600. உங்கள் படிவத்தில் வேன் வாடகைக்கு எழுதியிருக்கும் தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வசூல் இல்லாத நாளில் நாங்களும் குறைவாகவே பெறுகிறோம் என்பதால், இதில் உங்களுக்கு நட்டம் வர வழியே இல்லை.

தேர்வு முறை பற்றியும் ஒரு வார்த்தை. தட்டச்சுப் பிரதியை மட்டும் படித்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள். தாளில் படிக்கும்போது நல்ல கவிதை வெல்லும், நல்ல நாடகப் பாட்டு தோற்கும். மேடைப் பாட்டில் ஒரே வரி மூன்று தடவை வருவது குறையல்ல, இரண்டாம் தடவை ராகமும் நிலைமையும் மாறியிருக்கும். ஆர்மோனியம் ஒன்றை மட்டும் வைத்து மூன்று பாட்டைக் கைப்பேசியில் பதிந்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பத்துக் காசு செலவில்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை.

படிவத்தில் 'ஆசிரியர்' கட்டத்தை எடுத்துவிட்டு 'கதை, வசனம்', 'பாடல்கள்', 'மெட்டு' என்று மூன்று கட்டம் வையுங்கள். வாத்தியங்களைக் கோத்துப் பின்னணி அமைப்பவர் வேறு ஆளாக இருந்தால் நாலாவது கட்டம். ஒருவரே எல்லாம் செய்தால் ஒரே பெயரை எல்லாவற்றிலும் எழுதட்டும். நோட்டீஸ், அழைப்பிதழ், இணையப் பதிவின் குறிப்பு எல்லாவற்றிலும் இந்தப் பெயர்கள் இயக்குநர் பெயர் அளவு எழுத்திலேயே வர வேண்டும்.

உரிமை பற்றிய வாசகத்தை முழுவதுமாக நீக்குங்கள். அதற்குப் பதில்: 'இந்த விழாவிலும், விழா முடிந்த 12 மாதத்துக்குள் குழு ஏற்பாடு செய்யும் மறு காட்சிகளிலும் தமிழ்நாட்டுக்குள் மேடையேற்ற அனுமதி, மற்ற எல்லா உரிமைகளும் எழுதியவர்களிடமே.' இதற்கு மேல் வேண்டுமானால் தனி ஒப்பந்தம் பேசலாம்.

'இதர செலவுகள்' வரியிலிருந்து எங்களை வெளியே எடுத்து, மூன்று வேலைக்கும் தனித் தொகை குறியுங்கள். பாதி ஒப்பந்தத்தன்று, கால் பங்கு முதல் ஒத்திகையன்று, மீதி அரங்கேற்றத்தன்று திரை தூக்குவதற்கு முன்.

டிக்கெட் வைத்த ஒவ்வொரு காட்சிக்கும் வசூலில் 6 சதவீதம். கட்டணமில்லாத தொழில்முறைக் காட்சிக்கு மொத்தமாக 3,000 ரூபாய். பங்கீட்டை மூவரும் வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்திட்டுத் தருவோம். தராவிட்டால் சரி சமமாகப் பிரித்துக்கொடுங்கள். எத்தனை டிக்கெட் விற்றது என்ற கணக்குத் தாள் காட்சி முடிந்த ஏழு நாளுக்குள் வர வேண்டும். சுருதி, நடிகர், அரங்கம் எது மாறினாலும் மெட்டுக்காரரை அழையுங்கள், அவருடைய பயணச் செலவைக் காட்சிச் செலவில் சேருங்கள்.

எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் முழு நாடகத்தையும் இணையத்தில் ஏற்றாதீர்கள். விளம்பரத்துக்கு மூன்று நிமிடம் வரை எடுத்துக்கொள்ளலாம். சென்ற ஆண்டுகளில் ஏற்றிய பதிவுகளின் குறிப்பில் விடுபட்ட பெயர்களை இந்த மாதத்துக்குள் சேருங்கள். பட்டியலை நாங்களே தருகிறோம்.

விண்ணப்பக் கடைசித் தேதியை 30 நாள் தள்ளி வைத்து, திருத்திய படிவத்தை வெளியிடுங்கள். ஏற்கெனவே கையெழுத்திட்டு அனுப்பியவர்களுக்கும் புதிய படிவமே செல்லும் என்று எழுத்தில் அறிவியுங்கள். இந்த மடலுக்குப் பதினைந்து நாளுக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம். நேரில் பேச அழைத்தால் வசனகர்த்தா ஒருவர், பாடலாசிரியர் ஒருவர், மெட்டுக்காரர் ஒருவர் என மூன்று பேராக வருவோம். மூன்று நாற்காலி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
இசை நாடகங்களுக்கு வசனமும் பாட்டும் மெட்டும் எழுதுகிறவர்கள்